மாறியதை மட்டும் மாற்றுவோம்!



காலை முதல் மணி அடித்ததும் வகுப்பாசிரியை வருகைப் பதிவேட்டைத் திறக்கிறார். அதில் நாற்பது பெயர்கள். ஒருத்தி வரவில்லை என்று குறித்த ஐந்தாவது நிமிடத்தில் அவள் மூச்சு வாங்க ஓடி வந்து வாயிலில் நிற்கிறாள். ஆசிரியை என்ன செய்வார்? அவள் பெயருக்கு நேரே உள்ள குறியை மட்டும் திருத்துவார். பதிவேட்டையே கிழித்தெறிந்துவிட்டு, புதிய பதிவேடு ஒன்று வாங்கி வரச் செய்து, நாற்பது பெயர்களையும் முதலிலிருந்து எழுதும் ஆசிரியை உலகில் எங்கேனும் உண்டா? இல்லை அன்றோ!

ஆயின், இணையத்தில் நாம் காணும் எத்தனையோ பக்கங்கள் இன்றும் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. பட்டியலில் ஒரே ஒரு வரி மாறினால் போதும், திரை முழுவதும் வெள்ளையாகிறது, சக்கரம் சுற்றுகிறது, பக்கம் முழுவதும் தலையிலிருந்து மீண்டும் ஏற்றப்படுகிறது. நாம் படித்துக்கொண்டிருந்த இடம் தொலைந்துபோகிறது. மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்திய கதைதான் இது!

மாறியது ஒரு வரி என்றால் அந்த ஒரு வரியை மட்டுமே மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது படிப்பவரை ஏமாற்றாமலும் தடுமாறச் செய்யாமலும் மாற்ற வேண்டும். இதுவே என் கருத்து. இதற்கு உதவும் முறைக்கு ‘அஜாக்ஸ்’ என்று பெயர். “இது கணிப்பொறி படித்தவர்கள் சமாசாரம், நமக்கென்ன?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விண்ணப்பம் நிரப்பும் அம்மாவுக்கும், ரயிலுக்குச் சீட்டு எடுக்கும் அப்பாவுக்கும், மதிப்பெண் பார்க்கக் காத்திருக்கும் நமக்கும் இதில் பங்கு உண்டு.

அஜாக்ஸ் பிறந்த கதை

சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர், 1989-ஆம் ஆண்டில் உலகளாவிய வலை என்ற திட்டத்தை முன்வைத்தார். அவர் கண்டது ஆவணங்களின் வலை. ஓர் ஆவணத்தைக் கேட்டால் அது முழுவதும் வரும். அடுத்ததைக் கேட்டால் அடுத்தது முழுவதும் வரும். அறிஞர்கள் தம் கட்டுரைகளைப் பகிர்ந்துகொள்ள அதுவே போதுமானதாக இருந்தது. கட்டுரை என்ன, நிமிடத்துக்கு ஒரு முறை மாறவா போகிறது?

ஆனால் மக்கள் வலையில் கட்டுரைகளை மட்டுமா வைத்தார்கள்? கடிதப் பெட்டி, கடைச் சரக்கு, ரயில் இருக்கை, தேர்வு முடிவு என்று பட்டியல் பட்டியலாகக் கொண்டுவந்து குவித்தார்கள். பட்டியல் அசையாமல் கிடப்பதில்லை. ஒன்று சேரும், ஒன்று நீங்கும், ஒன்றன் நிலை மாறும். அசையாத ஆவணத்துக்கென்று தைத்த சட்டையை ஓடியாடும் பட்டியலுக்கு மாட்டினால் பொருந்துமா? அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

அதை அவிழ்க்க இரண்டு கருவிகள் வந்தன. முதலாவது, 1995-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழி. இது பிரவுசருக்குள்ளேயே இயங்கித் திரையில் உள்ளதைத் திருத்த வல்லது. இரண்டாவது, பக்கத்தை மறுபடி ஏற்றாமலே திரைக்குப் பின்னால் சர்வருடன் பேசும் வசதி. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் பிரவுசரில் கடிதம் படிக்கும் தம் மென்பொருளுக்காக இதைச் செய்து, 1999-ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இல் சேர்த்தனர். பின்னர் மற்ற பிரவுசர்களும் இதை ஏற்றுக்கொண்டன.

2004-இல் ஜிமெயிலும், 2005-இல் கூகுள் வரைபடமும் வந்தபோது உலகம் வியந்தது. வரைபடத்தை விரலால் இழுப்பது போல இழுத்தால், புதிதாகத் தெரிய வேண்டிய துண்டுகள் மட்டும் வந்து சேர்ந்தன! அதே 2005-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ஒரு கட்டுரை எழுதி, இம்முறைக்கு அஜாக்ஸ் என்று பெயர் சூட்டினார். ‘அசிங்க்ரனஸ் ஜாவாஸ்கிரிப்ட் அண்டு எக்ஸ்.எம்.எல்.’ என்பதன் சுருக்கம் அது. அசிங்க்ரனஸ் என்றால், கேட்டுவிட்டுக் கைகட்டி நிற்காமல், பதில் வரும்வரை மற்ற வேலைகள் தடையின்றி நடப்பது. எக்ஸ்.எம்.எல். என்பது செய்தியைக் கட்டி அனுப்பும் ஒரு முறை. இன்று அதன் இடத்தைப் பெரும்பாலும் ஜேசன் என்ற எளிய முறை பிடித்துக்கொண்டுவிட்டது. ஆனாலும் அஜாக்ஸ் என்ற பெயர் நிலைத்துவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடித்தாலும் பழைய பெயரால்தானே ஊரார் அழைப்பார்கள்!

எவ்வாறு நடக்கிறது?

நம் பள்ளி நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். நம் நூல்களின் பட்டியல் இன்றும் நூலக சிஸ்டரின் நீண்ட நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அதை ஒரு வலைப்பக்கமாக ஆக்கி, அதில் 200 நூல்களின் பெயர்களை வரிசையாக எழுதினோம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரியிலும் நூலின் பெயர், ஆசிரியர் பெயர், ‘உள்ளது’ அல்லது ‘வெளியே சென்றுள்ளது’ என்ற நிலை, ‘எனக்கு வேண்டும்’ என்ற பொத்தான் ஆகியவை உள்ளன.

ஒருத்தி 57-ஆம் எண்ணுள்ள நூலின் பொத்தானை அழுத்துகிறாள். பழைய முறையில் என்ன நடக்கும்? செய்தி சர்வருக்குப் போகும். சர்வர் 200 வரிகளையும் மறுபடி எழுதி முழுப் பக்கமாகத் திருப்பி அனுப்பும். மாறியது ஒன்று, வந்தது இருநூறு!

அஜாக்ஸ் முறையில், “57-ஐ ஒருத்தி கேட்கிறாள்” என்ற சிறு செய்தி மட்டும் திரைக்குப் பின்னால் போகும். சர்வர் தன் கணக்கில் குறித்துக்கொண்டு, “57, வெளியே சென்றுள்ளது” என்று சுருக்கமாகப் பதில் தரும். ஜாவாஸ்கிரிப்ட் அந்த 57 என்ற அடையாளம் உள்ள வரியைத் தேடிப் பிடித்து, ‘உள்ளது’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘வெளியே சென்றுள்ளது’ என்று எழுதும். மற்ற 199 வரிகளும் இமைகூடக் கொட்டுவதில்லை. நாம் பார்த்துக்கொண்டிருந்த இடம் அப்படியே இருக்கும். தேடும் பெட்டியில் பாதி தட்டச்சு செய்த சொல்லும் அப்படியே இருக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சிலர் சர்வரிடம் ஒரு வரிச் செய்தியைப் பெற்றுக்கொண்டு, திரையில் மட்டும் பட்டியல் முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவார்கள். இது அரைக் கிணறு தாண்டிய வேலை. பயணம் சிக்கனமாயிற்று, ஆனால் படிப்பவரின் இடம் மறுபடியும் தொலைந்துபோயிற்று. மாற்றம் ஒரு வரியில் என்றால், அனுப்புவதிலும் எழுதுவதிலும் ஒரு வரியாகவே இருக்க வேண்டும்.

பைட்டுக்குக் கணக்கு

சிறு துளி பெரு வெள்ளம் என்பதை நாம் கணக்குப் போட்டே பார்க்கலாம். கணிப்பொறியில் தமிழ் எழுத்துகளைச் சேமிக்க இன்று பெரிதும் வழங்கும் முறை யூ.டி.எஃப்-8. அதில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு இடம் போதும். தமிழில் உயிர்மெய்யின் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு வேண்டும். ‘நூலகம்’ என்ற சொல்லுக்கு 18 பைட்டுகள் ஆகின்றன! ஆகவே தமிழ்ப் பட்டியல் ஆங்கிலப் பட்டியலைவிடப் பாரமானது.

நம் பட்டியலில் ஒரு வரிக்கு 300 பைட்டு என்று கொண்டால் 200 வரிக்கு 60,000 பைட்டு. ஒரு வரி மாறிய செய்தியோ, அதனுடன் செல்லும் முகவரிக் குறிப்புகளையும் சேர்த்து, ஏறத்தாழ ஆயிரம் பைட்டில் அடங்கிவிடும். சர்வர்கள் செய்தியைச் சுருக்கி அனுப்பும் வழக்கம் உண்டு என்பதால் இந்த வித்தியாசம் ஓரளவு குறையலாம், மறைந்துவிடாது. ஒரே இடைவேளையில் ஐம்பது பேர் நூல் கேட்டால் எவ்வளவு வீண் சுமை என்று எண்ணிப் பாருங்கள்! நல்ல அலைவரிசை உள்ள வீட்டில் இது தெரியாது. மாடிப்படியில் நின்று கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தால்தான் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும் வீட்டில் நன்றாகவே தெரியும்.

அம்மா பட்ட பாடு

ஆயினும் பைட்டும் காசும் எனக்கு இரண்டாம் பட்சமே. முதற்காரணம் வேறு. அதை விளக்க என் வீட்டில் நடந்த ஒன்றைக் கூறுகிறேன்.

என் தம்பிக்கு உதவித்தொகை கேட்டு அம்மா கைப்பேசியில் ஒரு விண்ணப்பம் நிரப்பினார். அன்று கடைசி நாள். பெயர், பிறந்த தேதி, அப்பாவின் வருமானம், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து நிரப்பியாயிற்று. அடுத்து, மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. தேர்ந்தெடுத்தார். அந்த மாவட்டத்தின் வட்டங்களைக் காட்டுவதற்காகப் பக்கம் முழுவதும் மறுபடி ஏற்றப்பட்டது. வட்டங்களின் பட்டியல் வந்தது. ஆனால் அதுவரை நிரப்பிய அனைத்தும் போயிற்று! அம்மா மறுபடி நிரப்பினார். மறுபடியும் போயிற்று. மூன்றாம் முறை அவர் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, “எனக்குத்தான் இதெல்லாம் தெரியலை” என்றார்.

கடைசியில் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு ஓடினோம். கடைக்கார அண்ணன் சிரித்துக்கொண்டே, “முதல்ல மாவட்டத்தைப் போட்டுடணும்மா, அப்புறந்தான் மத்ததெல்லாம்” என்றார். எத்தனை பேர் இதே கதையைச் சொல்லி அவரிடம் வந்திருப்பார்கள்! அந்தத் தந்திரத்தை அறிந்ததற்காக அவருக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு வந்தோம்.

தோழியரே, தவறு அம்மாவுடையதா? அவர் கேட்டது ஒரு வட்டப் பட்டியலை மட்டும். அந்த ஒரு பட்டியலை மட்டும் வரவழைத்து நிரப்பியிருந்தால் எந்தச் சங்கடமும் இல்லை. அஜாக்ஸ் என்ற பெயர் பிறந்தே இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. பக்கத்தைச் செய்தவர் சில வரிகள் கூடுதலாக எழுதியிருக்கலாம். குறைந்த அளவு, நிரப்பியவற்றையாவது சர்வர் திருப்பி அனுப்பும்படி செய்திருக்கலாம். அவர் எழுதாமல் விட்ட சில வரிகளுக்காக, ஒரு தாய் தன்னையே அறிவிலி என்று எண்ணிக்கொண்டாள். இதுதான் என் நெஞ்சை உறுத்துகிறது. பக்கத்தை ஏற்றும் செலவைக் காட்டிலும் இந்தச் செலவு பெரிது.

“முழுதாக ஏற்றுவதே மேல்” என்பார்க்கு

இனி, எதிர்க்கருத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். “முழுப் பக்கத்தையும் புதிதாக ஏற்றினால் திரையில் உள்ளதும் சர்வரில் உள்ளதும் ஒன்றாகவே இருக்கும். துண்டு துண்டாக மாற்றினால் ஓரிடம் புதியதாகவும் ஓரிடம் பழையதாகவும் நிற்கும்” என்று சிலர் கூறுவர்.

இது வெறும் வாதமன்று, உண்மை. நூலகப் பட்டியலில் ஒரு வரியை நீக்கிவிட்டு, மேலே உள்ள ‘மொத்தம் 200 நூல்கள்’ என்பதை மறந்தால், 199 வரிகளின் தலையில் 200 என்று பொய்க் கணக்கு நிற்கும். ஒரு வரியை மாற்றுகிறவர், அந்த வரியோடு உறவு கொண்ட மற்றவற்றையும் நினைக்க வேண்டும். மொத்த எண்ணிக்கை, அகர வரிசை, ‘நூல்கள் எதுவும் இல்லை’ என்ற அறிவிப்பு ஆகிய யாவும் அதன் உறவினர்கள்.

ஆகவே, பகுதி மாற்றம் என்பது சோம்பேறிகளுக்கு ஏற்ற வழியன்று. முழுப் பக்கத்தை ஏற்றும்போது பிரவுசரே பல கடமைகளைச் செய்துவிடுகிறது. அந்த வேலையை நாம் பறித்துக்கொண்டால் அந்தக் கடமைகளையும் நாமே சுமக்க வேண்டும். அவற்றை ஏற்க மனமில்லாதவர் முழுப் பக்கத்தையே ஏற்றட்டும். அது இதைவிட நேர்மையானது. அக்கடமைகள் எவை என்று காண்போம்.

செய்வோரின் ஐந்து கடமைகள்

முதலாவது, வரியை அதன் அடையாளத்தால் அறிய வேண்டும். இடத்தால் அறியக் கூடாது. “ஐந்தாவது வரியை மாற்று” என்று சொல்லியனுப்பினால், அதற்குள் வேறொருவர் மேலே ஒரு புதிய நூலைச் சேர்த்திருக்கக்கூடும். ஐந்தாவது ஆறாவதாகிவிடும், தவறான நூல் ‘வெளியே சென்றுள்ளது’ ஆகிவிடும். நம்மைப் பெஞ்சு எண்ணால் அறியாமல் சேர்க்கை எண்ணால் அறிவது எதற்காக? இடம் மாறும், எண் மாறாது என்பதற்காகத்தானே! 2013-ஆம் ஆண்டில் வெளிவந்து இன்று பெரிதும் வழங்கும் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பும், பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ‘கீ’ என்ற தனி அடையாளம் தரும்படி கேட்கிறது.

இரண்டாவது, சர்வர் சொல்லும் முன் “முடிந்தது” என்று சொல்லக் கூடாது. பொத்தானை அழுத்தியவுடனே வரியை மாற்றிவிட்டு, செய்தியைப் பின்னால் அனுப்பும் பழக்கம் பல இடங்களில் உண்டு. வேகமாகத் தோன்றும், உண்மைதான். ஆனால் நடுவில் சிக்னல் அறுந்தால்? நூல் தனக்கு ஒதுக்கப்பட்டது என்று ஒருத்தி மகிழ்ந்திருப்பாள். சர்வரின் கணக்கிலோ அவள் பெயரே இராது. விருப்பக் குறி இடுவது போன்ற சிறு காரியத்தில் இது போகட்டும். கட்டணம், விண்ணப்பம், மருத்துவரின் நேரம் போன்றவற்றில் இது பெரும் தீங்கு. ‘அனுப்பப்படுகிறது’ என்று முதலில் காட்டி, பதில் வந்த பின்பே ‘முடிந்தது’ என்று எழுத வேண்டும். பதில் வராவிடில் ‘முடியவில்லை, மீண்டும் முயல்க’ என்று அதே வரியில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, முந்தியது பிந்தி வரும் என்பதை எதிர்பார்க்க வேண்டும். அடுத்தடுத்து அஞ்சல் பெட்டியில் இட்ட இரண்டு கடிதங்களில் இரண்டாவது முதலில் போய்ச் சேர்வதில்லையா? அது போலத்தான். தேடும் பெட்டியில் ‘க’ என்று தட்டி, உடனே ‘கல்’ என்று முடித்தால், இரண்டு கேள்விகள் போகின்றன. ‘கல்’லுக்குரிய பட்டியல் வந்த பிறகு ‘க’வுக்குரிய பழைய பதில் தாமதமாக வந்து அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளக்கூடும். ஒவ்வொரு கேள்விக்கும் எண்ணிட்டு, பழைய எண்ணுக்குரிய பதிலை ஒதுக்கிவிட வேண்டும்.

நான்காவது, விரலுக்கடியில் வரியை நகர்த்தக் கூடாது. மூன்றாவது வரியை அழுத்தப் போகும் கணத்தில் மேலே ஒரு புதிய வரி வந்து செருகிக்கொண்டால், விரல் இரண்டாவது வரியில் விழுகிறது. நம் பாட்டிமார் வேண்டாததை அழுத்திவிட்டு விழிப்பது இதனால்தான். புதிய வரிகள் வந்தால் ‘புதியவை 3’ என்று மேலே ஓர் அறிவிப்பை வைத்து, படிப்பவர் அழுத்தும்போது காட்டினால் என்ன குறைந்துவிடும்?

ஐந்தாவது, கண்ணால் காண இயலாதவருக்கும் மாற்றத்தைச் சொல்ல வேண்டும். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன்.

அக்கா சொன்னது

நம் பள்ளியில் படித்துச் சென்ற அக்கா ஒருவருக்குப் பார்வை கிடையாது. இன்று ஒரு வங்கியில் பணிபுரிகிறார். திரையில் உள்ளதைக் குரலாக வாசித்துக் காட்டும் மென்பொருளின் துணையால் கணிப்பொறியைப் பயன்படுத்துகிறார். என்.வி.டி.ஏ. என்ற அத்தகைய மென்பொருள் ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. கணிப்பொறி மன்றத்துக்கு அவர் வந்திருந்தபோது, “அக்கா, உங்களுக்கு எது தொல்லை? முழுப் பக்கம் ஏற்றுவதா, ஒரு வரி மாறுவதா?” என்று கேட்டேன்.

“ரெண்டுமே தொல்லைதாம்மா” என்று சிரித்தார். “முழுசா ஏத்தினா பக்கத்தோட தலைப்புலேர்ந்து எல்லாத்தையும் மறுபடி படிக்கும். இருந்த இடத்துக்கு வர நூறு வரி தாண்டணும். ஒரு வரி மட்டும் மாறினா, எதுவுமே சொல்லாது. நான் பொத்தானை அழுத்திட்டு, ஆச்சா ஆகலையான்னு தெரியாம உக்காந்திருப்பேன்.”

எவ்வளவு பெரிய உண்மை! கண்ணுள்ளவருக்கு ஒரு சொல் மாறியது பளிச்சென்று தெரிகிறது. அக்காவுக்கோ அது மௌனம். ஆனால் இதற்கும் வழி இல்லாமல் இல்லை. வலையின் தரங்களை வகுக்கும் டபிள்யூ-த்ரீ-சி என்ற அமைப்பு, 2014-ஆம் ஆண்டில் ஏரியா என்ற விதித் தொகுப்பைத் தன் பரிந்துரையாக வெளியிட்டது. அதன்படி, பக்கத்தின் ஒரு பகுதியை ‘லைவ்’, அதாவது மாறக்கூடியது என்று குறித்துவைக்கலாம். அங்கே எழுத்து மாறினால் மென்பொருள் அதை வாசிக்கும். அதில் இரண்டு வகை உண்டு. ‘அசர்ட்டிவ்’ என்றால் நடுவில் குறுக்கிட்டுச் சொல்லும். ‘போலைட்’ என்றால், வாசித்துக்கொண்டிருப்பது முடியும்வரை பொறுத்திருந்து சொல்லும். போலைட் என்ற சொல்லுக்குப் பொருள் பணிவு அன்றோ! மரியாதை என்பது கணிப்பொறி மொழியில் ஒரு சொல்லாகவே இருக்கிறது. ஆனால் நாம் எழுதினால்தானே அது வரும்!

இன்னொன்றும் அக்கா சொன்னார். ஒரு வரியின் ‘நீக்கு’ என்ற பொத்தானில் அவர் நிற்கும்போது அந்த வரியே மறைந்துவிட்டால், நின்ற தரை நழுவியதைப் போல எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போகிறதாம். நீக்கிய பின் அடுத்த வரியிலோ பட்டியலின் தலைப்பிலோ அவரைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கை பிடித்து வந்தவரை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போகலாமா?

எல்லை அறிதல்

அமிழ்தமும் அளவுக்கு மிஞ்சினால் நஞ்சு என்பார்கள். அஜாக்ஸ் நல்லது என்பதற்காக எல்லாவற்றையும் அதனாலேயே செய்தல் கூடாது. ஒரு நூலைப் பற்றிய விவரம் முழுவதும் வேண்டுமென்றால், அதற்கென்று ஒரு தனிப் பக்கமும் தனி முகவரியும் இருக்கட்டும். முகவரி இருந்தால்தான் ஒருத்தி இன்னொருத்திக்கு அனுப்ப முடியும். பட்டியலை ‘வரலாற்று நூல்கள் மட்டும்’ என்று சுருக்கினால் அதையும் முகவரியில் குறிக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டால் அது இயலும். இல்லையேல், பின்செல்லும் பொத்தானை அழுத்தியதும் படிப்பவர் பக்கத்தைவிட்டே வெளியே போய் விழுவார். ஜாவாஸ்கிரிப்ட் ஓடாத பழைய கைப்பேசியிலும், அது பாதி வழியில் அறுந்துபோன நேரத்திலும், பொத்தான் பழைய முறைப்படி முழுப் பக்கத்தை ஏற்றியாவது வேலையை முடித்துத் தர வேண்டும். புதுப்பாதை போட்டோம் என்பதற்காகப் பழைய பாதையில் முள் வெட்டிப் போட வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியது

நம்மில் பலர் நாளை கணிப்பொறி படிக்கப்போகிறோம். அப்போது எவரோ ஒரு தாய் நிரப்பப்போகும் விண்ணப்பத்தை நாம்தாம் எழுதப்போகிறோம். அவர் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன நேரும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நம் கடமை. ஓடுகிறது, மதிப்பெண் கிடைத்துவிட்டது என்று அதோடு நின்றுவிடுதல் ஆகாது.

பெற்றோர்களே! ஒரு பக்கம் உங்களைத் தடுமாறச் செய்தால் உங்கள் அறிவைக் குறை கூறிக்கொள்ளாதீர்கள். “இது இவ்வாறு இருக்க வேண்டியதில்லை, திருத்தித் தாருங்கள்” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்பார் இருந்தால்தான் செய்வாரும் இருப்பர்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நூலக சிஸ்டரின் நோட்டுப் புத்தகத்தை வலைப்பக்கமாக மாற்றும் பணியை அடுத்த கல்வியாண்டில் எங்கள் கணிப்பொறி மன்றத்திடம் ஒப்படைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதை வெளியிடும் முன் மூன்று பேரிடம் கொடுத்துச் சோதிப்போம். மாடிப்படியில் மட்டும் சிக்னல் கிடைக்கும் வீட்டுத் தோழி ஒருத்தி. கைப்பேசிக்குப் புதியவரான பாட்டி ஒருவர். திரையைக் காதால் படிக்கும் அந்த அக்கா. மூவரும் தடுமாறாமல் ஒரு நூலைக் கேட்டுப் பெற்றுவிட்டார்களானால், அன்று எங்கள் பட்டியல் ஆயத்தம் என்று கொள்வோம். அதுவரை சிஸ்டரின் நோட்டுப் புத்தகமே இருக்கட்டும்!

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி